வரி நுரைக்கா, சர்க்கரைக்கா?

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. விகிதங்களின்படி, கோலாவுக்கும் சர்க்கரையே இல்லாத ‘டயட்’ கோலாவுக்கும் ஒரே 40 சதவீத வரி. நுரைக்காத மாம்பழ பாட்டில் பானத்துக்கோ 5 சதவீதம்தான். கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. மாம்பழ பானங்கள் பலவற்றில் அதைவிடக் கூடுதலாகவே இருப்பது பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். பழத்தின் படத்தைப் பார்த்து இதயம் ஏமாந்துவிடாது. வரி நுரையைப் பார்த்து அல்ல, சர்க்கரையின் கிராமைப் பார்த்து விழ வேண்டும்.

அமெரிக்காவில் செவிலியர் உள்ளிட்ட மருத்துவத் துறையினர் சுமார் 1,18,000 பேரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஹார்வர்டு ஆய்வு 2019-ல் வெளியானது. சர்க்கரை சேர்த்த பானங்களை மாதத்துக்கு ஒருமுறைகூடக் குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால், தினம் இரண்டோ அதற்கு மேலோ குடித்தவர்கள் இதய, ரத்தநாள நோயால் இறக்கும் அபாயம் 31 சதவீதம் அதிகம். இவர்கள் புகைபிடிப்பவர்களாகவும் உடற்பயிற்சி செய்யாதவர்களாகவும் இருந்திருப்பார்களே என்பது நியாயமான சந்தேகம். அவற்றையெல்லாம் கணக்கில் கழித்த பிறகு நின்ற எண்தான் அது. அப்படியும் இத்தகைய ஆய்வு தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை நிரூபிக்காது. ஆனால் உடலுக்குள் நடப்பது அதற்கு வலுச் சேர்க்கிறது. நீராகப் போகும் சர்க்கரை பசியை அடக்குவதில்லை; சாப்பாடும் குறைவதில்லை. அதிலுள்ள பிரக்டோஸை அளவுக்கு மீறிப் பெறும் கல்லீரல், அதைக் கொழுப்பாக்கி ரத்தத்தில் டிரைகிளிசரைடை ஏற்றுகிறது. தெற்காசியர்களிடம் ஏற்கெனவே பரவலாக உள்ள கோளாறு இது.

டீயிலும் இனிப்பிலும் சேராத சர்க்கரையா என்பார்கள். டீயில் பாதிச் சர்க்கரை போடச் சொல்லலாம். பாட்டிலிடம் அப்படிச் சொல்ல முடியாது. 330 மில்லி கோலாவிலுள்ள 35 கிராம், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு நல்லதென்று சொல்லும் 25 கிராமைத் தாண்டுகிறது. ஏழைகள் தலையில் வரியா என்ற கேள்விக்கு பிரிட்டனில் பதில் இருக்கிறது. 2018-ல் வந்த வரிக்கு 100 மில்லிக்கு 5 கிராம்தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே வரியே இல்லை. பல நிறுவனங்கள் முன்கூட்டியே சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. இலங்கையும் 2017-ல் கிராம் கணக்கில் வரி போட்டது. நம் 40 சதவீதத்திலோ, குறைப்பவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. செயற்கை இனிப்புக்கு மாறிவிடுவார்களே என்ற அச்சத்திலும் பொருள் உண்டு. எடையைக் குறைக்க அவற்றை நம்ப வேண்டாமென 2023-ல் உலக சுகாதார நிறுவனமே சொன்னது. அவற்றுக்கு முழு விலக்கு தராமல் குறைந்த வரி போடலாம். மா விவசாயிகளின் பெயரும் இழுக்கப்படும். கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளுக்கு உதவ வேண்டுமென்றால் கூழின் பங்குக்குச் சலுகை தரலாமே, கரைத்துச் சேர்த்த சர்க்கரைக்கு எதற்கு?