வெட்ட வேண்டியது ரெசுமேயை மட்டும்தானா?



சனிக்கிழமைகளில் ஸ்காபரோவில் புதிதாக வந்த எங்கட ஆட்களுக்கு ரெசுமே எழுத உதவி வருகிறேன். போன மாதம் ஓர் அக்கா வந்தார். ஊரில் பதினொரு வருசம் கணித ஆசிரியை. இங்கே அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதும் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். கொண்டுவந்த தாளில் பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், சமயம், தகப்பன் பெயர், மூலையில் படம். ஊரில் அதுதான் முறை. "இஞ்ச இதெல்லாம் வேண்டாம் அக்கா" என்று எடுத்துவிட்டேன். அது சரி.

பிறகு சொன்னதுதான் பிழை. "படிப்பிச்சதை ஒரு வரியாக்குவம், இல்லாட்டிக் கூடத் தகுதி எண்டு தள்ளிப்போடுவாங்கள். பெயரையும் கொஞ்சம் கட்டையாக்கினா நல்லது." அவர் கேட்டார்: "அப்ப என்னில மிச்சம் என்ன தம்பி?"

என்னட்டைப் பதில் இல்லை.

வேலை கிடைக்காவிட்டால் பிழை உன்ர ரெசுமேயில் என்றுதான் பட்டறைகள் எல்லாம் படிப்பிக்கின்றன. ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஒரியோப்பவுலஸ் ஆயிரக்கணக்கான கற்பனை ரெசுமேக்களை ரொறன்ரோப் பகுதி நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். முடிவு 2009இல் வெளிவந்தது. படிப்பும் அனுபவமும் கனடாவிலேயே பெற்றவையாக இருந்தும், ஆங்கிலப் பெயர்களுக்குச் சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர்களைவிட ஏறக்குறைய 40 வீதம் கூடுதலான அழைப்புகள் வந்தன. 2016இல் அமெரிக்காவைப் பற்றி வந்த இன்னோர் ஆய்வில், அடையாளத்தை மறைக்காத ஆசியருக்கு 11.5 வீதம் அழைப்பு. பெயரையும் அனுபவத்தையும் 'வெள்ளையடித்தால்' 21 வீதம். 'பன்மைத்துவத்தை வரவேற்கிறோம்' என்று விளம்பரத்தில் எழுதிய நிறுவனங்களும் அதே அளவுக்குத்தான் பாகுபாடு காட்டின.

அப்படியென்றால் ரெசுமேயைத் திருத்து என்பதன் அர்த்தம் என்ன? முதலாளியின் இனவாதத்தை உன் செலவில் நீயே சரிக்கட்டு என்பதுதான். அந்த வேலையைத்தான் நானும் சனிக்கிழமைகளில் இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறேன்.

"நீ அரசியல் கதைப்பாய், அவ வாடகை கட்ட வேணுமே" என்பீர்கள். உண்மை. அதனால் உதவியை நிறுத்தச் சொல்லவில்லை. பிரித்துச் செய்வோம் என்கிறேன். படம், வயது, சமயம், திருமண நிலை வேண்டாம். அவை பாகுபாட்டுக்குத்தான் வழிவிடும். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. 'பொறுப்பாக இருந்தேன்' என்று எழுதாமல், எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைகள், என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். விளம்பரத்தில் உள்ள சொற்கள் எங்களுக்குப் பொருந்தினால் அதே சொற்களைப் போட வேண்டும். பல இடங்களில் முதலில் வாசிப்பது மென்பொருள்தான். இதெல்லாம் முறை, பழகலாம். ஆனால் பெயரும் உழைத்த வருசங்களும் முறை சார்ந்தவை அல்ல. அவற்றில் கை வைப்பதா என்பதை அவரே முடிவெடுக்கட்டும். நாங்கள் வாய் திறக்கக்கூடாது.

இன்னொன்று. 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒன்ராறியோ நிறுவனங்கள் பொது விளம்பரத்திலோ விண்ணப்பப் படிவத்திலோ 'கனடிய அனுபவம்' கேட்பது சட்டவிரோதம். ஆட்களைத் தெரிவுசெய்யச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதையும் விளம்பரத்தில் சொல்ல வேண்டும். பட்டறைகளில் இதை ஏன் சொல்வதில்லை? நேர்முகத்தில் வாயால் கேட்பதையும் சின்ன நிறுவனங்களையும் இந்தத் தடை தொடவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சின்ன நிறுவனங்களில் எங்கட தமிழ் முதலாளிமாரும் இருக்கினம். பத்து வருசத்துக்கு முதல் அதே கேள்வியால் அவமானப்பட்டவர்களே இண்டைக்கு "கனடா எக்ஸ்பீரியன்ஸ் இருக்கோ?" என்று கேட்கினம். ஏஜென்சிக்காரன் அதுவும் கேட்பதில்லை. "சேப்டி சூ இருக்கோ?" அவ்வளவுதான். பட்டதாரியின் பதினொரு வருசம் அந்தச் சப்பாத்துக்குள் முடிகிறது.

அக்காவின் ரெசுமேயில் அந்தப் பதினொரு வருசத்தையும் திரும்ப எழுதினோம். முழுப்பெயரையே போடச் சொன்னார், போட்டோம். அழைப்பு இன்னும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை வருகிறவர்கள் ரெசுமேயோடு, 'கனடிய அனுபவம்' கேட்ட விளம்பரங்களின் படங்களையும் கொண்டுவாருங்கள். தனித்தனியாகத் திருத்தினது போதும். சேர்த்து வைத்துத் தொழில் அமைச்சுக்கு முறையிடுவோம்.