கொமினிகேஷன் கடையில் அடித்த சீவி



கொஞ்சம் நீண்ட பதிவு. ஏ.எல் முடித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கும் வாப்பா, உம்மாமார் பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் இடைவேளை நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு கோல். ஒரு கம்பனியின் ஆளணிப் பிரிவில் இருந்து பேசிய பெண், இன்னார் உங்கள் பெயரை ரெஃபரியாகப் போட்டிருக்கிறார், அவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். எனக்கு முகம் ஞாபகம் வரவில்லை. அந்தப் பெயரில் ஆறு பேரையாவது படிப்பித்திருப்பேன். "நல்ல பிள்ளை" என்றேன். என்ன வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. "சரி சேர், தேங்க் யூ" என்று வைத்துவிட்டார். அந்த "சரி சேர்" இன்னும் காதில் நிற்கிறது.

பின்னேரம் விசாரித்து ஆளைப் பிடித்தேன். தம்பி என்னிடம் கேட்காமல் பெயரைப் போடவில்லை. ஆறு மாதத்துக்கு முதல் ஜும்ஆ முடிந்து வரும்போது "சேர், உங்கட பேரப் போடட்டா?" என்று கேட்டிருக்கிறார். நானும் "போடுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போயிருக்கிறேன். பிழை என்னுடையது.

சீவியைக் காட்டச் சொன்னேன். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த அதே சீவிதான். கொமினிகேஷன் கடைக் கணினியில் யாரோ ஒருவருடையது கிடக்கும். பெயரையும் இலக்கத்தையும் மாற்றி பிரின்ட் எடுத்துத் தருவார்கள். முழுப்பெயர், முதலெழுத்துடன் பெயர், அடையாள அட்டை இலக்கம், மதம், சிவில் நிலை, கிராம சேவகர் பிரிவு, வாப்பாவின் பெயர். பிறகு ஓ.எல் பாடம் ஒன்பதும் சுட்டெண்ணோடு பெரிய அட்டவணையாக. ஏ.எல்லில் மூன்று எஸ். கடைசியில் ஒரு வரி: "அனுபவம் – இல்லை."

இந்தத் தம்பி மூன்றரை வருடம் மாமாவின் ஹார்ட்வெயார் கடையில் நின்றவர். ஸ்டொக் எடுப்பது, கணினியில் பில் போடுவது, லொறி வந்தால் இறக்கிச் சரிபார்ப்பது, கடன் கொப்பி பார்ப்பது எல்லாம் அவர்தான். சிங்களம் சரளமாகப் பேசுவார். விண்ணப்பித்ததோ களஞ்சிய உதவியாளர் வேலைக்கு! ஏன் இதை எழுதவில்லை என்று கேட்டால், "அது வேலையா சேர்? மாமாட கடதானே. சம்பளச் சிட்டையும் இல்ல" என்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது, அவரில் அல்ல. 13 வருடம் பாடசாலையில் வைத்திருந்து, நீ செய்தது வேலைதான் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க எங்களால் முடியவில்லையே.

ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்குச் சந்தியில் பேனர் கட்டுகிறோம், மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம். சந்தோசம், செய்யுங்கள். ஆனால் மூன்று எஸ் எடுத்த பிள்ளை அடுத்த நாள் எங்கே போகிறது என்று பழைய மாணவர் சங்கமோ பள்ளி நிர்வாகமோ ஆசிரியர்களாகிய நாங்களோ பார்க்கிறோமா? ஒரு பேனர் காசில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் உட்கார்ந்து சீவி எழுதிக் கொடுக்கலாம்.

அன்று இரவு நாங்கள் இருவரும் அதைத் திருத்தினோம். கடை அனுபவத்தை மேலே கொண்டு வந்தோம். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, என்ன பொறுப்பு, எத்தனை வகைப் பொருள், எந்த மென்பொருளில் பில், எந்தெந்த மொழி பேசுவார் என்று எழுதினோம். ஓ.எல் ஒரு வரியாகச் சுருங்கியது. மதமும் சிவில் நிலையும் போயின. சம்பளச் சிட்டை இல்லாவிட்டால் என்ன, மாமாவின் கடை லெட்டர்ஹெட்டில் உண்மையை எழுதிய கடிதம் போதும். மாமா உறவினர் என்பதால் ரெஃபரியாகப் போட முடியாது. கிழமைக்கு ஒரு தடவை கடைக்கு வரும் பெயின்ட் கம்பனி ரெப்பைக் கேட்டோம், உடனே சம்மதித்தார். அவர் தம்பியின் வேலையைக் கண்ணால் கண்டவர். என்னை விட அவருடைய வார்த்தைக்குத்தான் பெறுமதி.

இதைச் சொன்னதும் சிலர் மறுபக்கம் போய்விடுவார்கள். கட்டாருக்குப் போக இரண்டு வருட அனுபவம் கேட்டால் ஏஜென்ட் ஒரு கடிதம் அடித்துத் தருகிறார். அது பொய்ச் சாட்சி, வேறு பெயர் அதற்கு இல்லை. அங்கே போய் போர்டைத் திறக்கச் சொன்னால் கை நடுங்கும். உண்மையாகவே வயரிங் தெரிந்த, சான்றிதழ் மட்டும் இல்லாத பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அவர்கள் முன்கற்றல் அங்கீகார முறையில் மதிப்பீட்டுக்குத் தோற்றி என்.வி.கியூ பெறலாம். வகுப்புக்குப் போயிருக்க வேண்டும் என்றில்லை. அருகில் உள்ள தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள்.

அரசாங்க வேலை வேறு கதை. அங்கே உங்கள் சீவி எடுபடாது. வர்த்தமானியில் வரும் மாதிரிப் படிவத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் தயாரியுங்கள். பதவியின் பெயரைக் கடித உறையின் இடது மேல் மூலையில் எழுதச் சொன்னால் அங்கேதான் எழுத வேண்டும்.

இன்னொன்று, முக்கியமாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு. வேலைவாய்ப்பு என்ற பெயரில் ஓடும் வாட்ஸ்அப் குறூப்களில் சீவியை அப்படியே போடாதீர்கள். போன கிழமை ஒரு குறூப்பில் எங்கள் மாணவி ஒருவரின் போட்டோ, வீட்டு விலாசம், போன் இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் கிடந்தது. அந்த அட்டை இலக்கத்திலேயே பிறந்த வருடமும் நாளும் இருக்கிறது, ஆணா பெண்ணா என்பதும் இருக்கிறது. தெரிந்தவன் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவான். நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் அட்டையைக் காட்டலாம், அதற்கு முதல் தேவையில்லை. கம்பனியின் மின்னஞ்சலுக்கு நேரே பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். மின்னஞ்சல் முகவரியிலும் உங்கள் பெயர் இருக்கட்டும். "கூல் பொய்" என்று முகவரி வைத்திருக்கும் தம்பிமார், உங்களைத்தான் சொல்கிறேன்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன். சீவியைக் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். என் பெயரை ரெஃபரியாகப் போட விரும்புபவர்கள் பிரதியொன்றையும் எந்தக் கம்பனி, எந்த வேலை என்பதையும் முதலே அனுப்பி வையுங்கள். பாடசாலை 1.30க்கு முடியும், அதற்குப் பிறகு கோல் எடுக்கச் சொல்லுங்கள். இந்த முறை யாரென்று தெரிந்து பேசுவேன், இன்ஷா அல்லாஹ்.