கையெழுத்து வைக்க முதல்

உவர்மலையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தாய் என்னைக் கண்டதுமே, "தங்கச்சி, இவள் ஆமி, நேவிக்குப் போகப்போறாளாம். நீங்களாவது சொல்லுங்கோ" என்று அழத் தொடங்கிவிட்டார். 1990இல் காணாமற்போன அவரது தம்பியின் படம் இன்னும் சுவரில் தொங்குகிறது.

மகள் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். அவள் கையில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் பயிலிளவல் அதிகாரிகளுக்கான விண்ணப்பம். "படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம் அக்கா. மாசச் சம்பளமும் தாறாங்க. அப்பா கடலுக்குப் போறதை நிப்பாட்டலாம்" என்றாள். அதைக் கேட்டபிறகு எப்படிப் 'போகாதே' என்பது?

ஆனால் அவள் அதைப் புலமைப்பரிசில் என்றே நினைத்திருந்தாள். அமெரிக்காவில் கல்லூரியில் ஏற்கெனவே படிக்கும் மாணவர், மீதி வருடங்களுக்கு மட்டும் இராணுவப் புலமைப்பரிசில் கேட்கலாம். பிறகு அதிகாரியாகப் பணியாற்ற வேண்டும். இங்கே அப்படியல்ல. 1981ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தில் இயங்கும் இந்த இரத்மலானைப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்திலிருந்தே தொடங்க வேண்டும். இங்கே படித்த வருடம் போனதுதான். பட்டத்தோடு அதிகாரிப் பதவி வரும், ஒப்பந்தப்படி சேவையும் வரும்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளையும் விண்ணப்பிப்பதானால் ஒன்றைக் கேளுங்கள். கையிலுள்ள பல்கலைக்கழகப் பதிவை அவசரப்பட்டு ரத்துச் செய்ய விடாதீர்கள். மருத்துவப் பரிசோதனை, உடற்தகுதிச் சோதனை, நேர்முகப் பரீட்சை என்று பல படி இருக்கிறது. கடைசிப் படியில் நின்றுபோனால் இரண்டு இடமும் இல்லை. அதற்காகப் பதிவை மறைத்தும் எழுத வேண்டாம். எப்போது விலக வேண்டும் என்று இரு இடத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்டுவது, தகப்பன் பிணை நிற்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள். திருமணமாகாதவர் என்ற நிபந்தனையும் உண்டு. வீட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க.

"அங்க எங்கட பிள்ளையை எப்பிடிப் பார்ப்பாங்க?" என்று தாய் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மகள் பேசாமல் படிவத்தை மடித்தாள். கடற்படைப் பிரிவுக்கு எடுபட்டால் பயிற்சிக்கு எங்கள் துறைமுகத்துக் கடற்படைக் கல்வியகத்துக்கே வருவார்கள் என்று மட்டும் சொன்னேன்.

வாசல்வரை வந்த தாய் மெல்லக் கேட்டார்: "டொக்யாட் எண்டால் பக்கம்தானே. ஞாயிற்றுக்கிழமையில வீட்ட விடுவாங்களா?"