பிறக்காத பிள்ளையின் நிலம்

சென்ற மாதம் நண்பர்கள் சிலர் கூடியபோது ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' தமிழாக்கத்திலிருந்து சில அத்தியாயங்கள் வாசிக்கப்பட்டன. கைப்பிரதிதான், இன்னும் அச்சாகவில்லை. மொழிபெயர்த்தவர் உழைப்பாளி. நடையும் சுகமாக ஓடுகிறது. ஏழாம் அத்தியாயத்தில் நான் தடுக்கி விழுந்தேன். பென்னெட்டின் நிலம் 'உயிலின்படி' ஒரு தூரத்து உறவினனுக்குப் போய்விடும் என்றிருந்தது. யார் எழுதிய உயில் என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் புன்னகைத்தார். பக்கத்திலிருந்த விமர்சகர் முந்திக்கொண்டார்: "அதெல்லாம் வக்கீல் சமாச்சாரம் ஸார். இலக்கியத்துக்கு வாங்க."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம்மிடையே ஆஸ்டினைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. தேநீர், நடனம், கல்யாணம், நுட்பமான கிண்டல் என்பது ஒன்று. நிலப்பிரபுத்துவத்தின் சொகுசுக் கதை என்பது மற்றது. இரண்டு கட்சிக்கும் ஆகாது, ஆனாலும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: பத்திரத்தை இருவருமே படித்ததில்லை. நானும் யோக்கியன் அல்ல. ஆஸ்டினில் பணம் வெறும் பின்திரை என்று பல வருஷங்களுக்கு முன் நானே எழுதியிருக்கிறேன். யாரும் மறுக்கவில்லை. அது அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உயில் என்றால் ஒரு மனிதன் தன் இஷ்டப்படி எழுதுவது, இஷ்டப்படி மாற்றுவது. பென்னெட்டின் சிக்கல் இதற்கு நேர்எதிர். அவருக்கு இஷ்டம் என்பதே விடப்படவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், உள்நாட்டுப் போரின் கலவரத்தில் சொத்துப் பறிமுதலுக்கு அஞ்சிய குடும்பங்களுக்காக ஆர்லாண்டோ ப்ரிட்ஜ்மன் போன்ற பத்திர வக்கீல்கள் செம்மைப்படுத்திய ஏற்பாடு இது. நிலம் தகப்பனுக்கு ஆயுள் பாத்தியம் மட்டும். அவனுக்குப் பின், இன்னும் பிறக்காத மூத்த மகனுக்கும் அவன் ஆண் சந்ததிக்கும். நடுவில் தகப்பன் விளையாடிவிடாதபடி காவலுக்குத் தர்மகர்த்தாக்கள். மகனுக்கு 21 வயது ஆனதும் தகப்பனும் மகனும் சேர்ந்தால் கட்டை அவிழ்க்கலாம். அப்போது மகன் கையில் காசு இருக்காது, கல்யாணமும் நெருங்கியிருக்கும். தகப்பன் வருஷாந்திரம் ஒரு தொகை தருகிறேன் என்பான். இருவரும் கட்டை அவிழ்த்து, அதே மூச்சில் மறுபடி கட்டுவார்கள். மகனும் ஆயுள் பாத்தியக்காரன் ஆவான். நிலம் அடுத்த பிறக்காத பிள்ளைக்குப் போகும். சட்டம் நிரந்தரக் கட்டை ஒப்புவதில்லை. நார்ஃபோக் டியூக் வழக்கு 1682லேயே அதற்கு எல்லை வகுத்துவிட்டது. ஆகவே தலைமுறைக்கு ஒரு தரம், கல்யாணத்துக்கு ஒரு தரம், புதுப்பித்துக்கொண்டார்கள்.

நம் கிரயப் பத்திரங்களில் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்', 'தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்' என்று எழுதுவார்கள். தானம் செய்யலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்று அர்த்தம். ஆங்கில ஜமீன்தாரனுக்கு முதல் பாதி மட்டும் உண்டு, இரண்டாவது பாதி கிடையாது. இதைச் சொல்லத் தமிழில் வார்த்தை இல்லை என்று அன்று ஒருவர் வருத்தப்பட்டார். சார்பதிவாளர் ஆபீஸ் மரத்தடியில் கிடைக்கும் வார்த்தைகள் நம் நாவல் பாஷைக்கு இறங்கி வராததுதான் வருத்தம்.

இனிப் பென்னெட்டைப் பாருங்கள். வருஷம் 2,000 பவுண்டு வருமானம். மகன் பிறப்பான், அவனோடு சேர்ந்து கட்டை அவிழ்த்துவிடலாம் என்று காத்திருந்தார், ஆகவே சேமிக்கவில்லை. பிறந்தது ஐந்து பெண்கள். அந்த நாவலில் மிக முக்கியமான பாத்திரம் பிறக்கவே இல்லை! நடனங்களும் விஜயங்களும் தாயின் கூச்சலும் அந்த இல்லாத பையனைச் சுற்றித்தான் நடக்கின்றன. திருமதி பென்னெட்டுக்குக் கட்டு என்றால் என்னவென்று மூத்த பெண்கள் இருவரும் விளக்கிப் பார்த்துத் தோற்றுப்போகிறார்கள். நாமும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறோம். ஐந்து பெண்களிடமிருந்து பறித்து முன்பின் பார்த்திராத ஒருவனுக்குக் கொடுப்பது அநியாயம் என்பதுதான் அவள் கூச்சல். சட்டம் தெரியாதவள், சரி. அவள் சொன்னதில் எது பொய்?

'உயில்' என்று எழுதியதும் இதெல்லாம் சரிந்துவிடுகிறது. யாரோ ஒரு கெட்ட தாத்தாவின் கெட்ட எண்ணமாகக் குறுகிவிடுகிறது.

கைப்பிரதியில் வேறு இரண்டு இடங்களும் உண்டு. மணப்பெண்ணுக்குத் தகப்பன் எழுதிவைக்கும் 'போர்ஷன்' அங்கே 'வரதட்சணை'. கணவன் இறந்தபின் அவள் ஆயுள்வரை பெறும் 'ஜாயிஞ்சர்' அங்கே 'ஜீவனாம்சம்'. ஜீவனாம்சம் இரக்கத்தின் பேரில் கேட்கிற சொல். ஜாயிஞ்சரோ கல்யாணத்துக்கு முன்பே பேரம் பேசி எழுதியது. பழைய பொதுச்சட்டம் விதவைக்குக் கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் அனுபவமாகத் தந்தது. 1536ஆம் வருஷச் சட்டத்துக்குப்பின் முன்கூட்டியே ஜாயிஞ்சர் எழுதிவிட்டால் அந்தப் பங்கு போய்விடும். பதினெட்டாம் நூற்றாண்டில் 1,000 பவுண்டு கொண்டுவந்தவளுக்கு வருஷம் 100 பவுண்டு ஜாயிஞ்சர் என்பது புழக்கத்திலிருந்த விகிதம். விலை குறித்த விவகாரம் ஸ்வாமி, பிச்சை இல்லை. போர்ஷனுக்கு 'சீதனம்' என்றாவது போடலாமா என்றால் அதிலும் தயக்கம். யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் சீதனம் பெண்ணின் சொத்தாகவே நிற்கும். போர்ஷன் கணவன் கைக்குப் போய்விடும்.

இது இயற்கையாக வந்த வழக்கம் என்று நினைக்கவேண்டாம். மகன் இல்லாவிடில் மகளுக்கே நிலம், சித்தப்பனுக்கோ அவன் பிள்ளைக்கோ அல்ல என்றுதான் இங்கிலாந்தின் பொதுச்சட்டம் சொல்லியது. அந்த மகளை விலக்குவதற்கென்றே இந்தப் பத்திரங்கள் உருவாயின என்று எய்லீன் ஸ்ப்ரிங் 1993இல் வெளியான தம் நூலில் வாதாடினார். எஸ்டேட் பெருக்கத்தின் கருவி என்ற ஹபாக்குக்கின் பழைய விளக்கத்தைவிட எனக்கு இது சரியாகப் படுகிறது. ஆஸ்டினுக்கும் தெரிந்தே இருந்தது. அதே நாவலில் லேடி காதரீன், தன் கணவர் குடும்பத்தில் பெண்வழியைத் தள்ளிக் கட்டுவது அவசியமாகப் படவில்லை என்று போகிறபோக்கில் சொல்கிறாள். சோகைபிடித்த அவள் மகள் ரோஸிங்ஸுக்கு வாரிசு. கட்டுவதும் விடுவதும் குடும்பத்தின் தேர்வு என்பதை ஒரு திமிர்பிடித்த கிழவியின் வாயில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள் ஆசிரியை. நம் விமர்சகர் தேநீர்க் கோப்பையை ரசித்துக்கொண்டிருந்தார்.

எலிஸபெத்தின் பங்கு தாய் இறந்தபின் நாலு சதவீத வட்டியில் ஆயிரம் பவுண்டு, அதாவது வருஷம் 40 பவுண்டு. கல்யாணம் கேட்க வந்த காலின்ஸ் அதையும் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறான். விக்கமோடு ஓடிப்போன லிடியாவுக்கு டார்ஸி செய்வது என்ன? விக்கமின் கடனை அடைக்கிறான், பட்டாளத்தில் பதவி வாங்கித் தருகிறான், அவள் பங்குக்கு மேல் இன்னும் ஆயிரம் பவுண்டு அவள்பேரில் எழுதிவைக்கிறான். உலகப் புகழ்பெற்ற காதல் நிரூபணமாவது ஒரு செட்டில்மெண்டில். உருவம், உருவம் என்று உயிரைவிடுகிறவர்கள் இந்த உருவத்தைப் பார்க்கவேண்டாமா?

ஆஸ்டினின் வாழ்க்கையை அதிகம் இழுக்க எனக்கு விருப்பமில்லை. தகப்பன் 1805இல் இறந்தபின் தாயும் இரண்டு பெண்களும் சகோதரர்கள் தந்ததில் வாழ்ந்தார்கள் என்பதையும், பணக்கார நைட் குடும்பத்துக்குத் தத்துப்போன எட்வர்ட் 1809இல் சாட்டனில் வீடு கொடுத்தான் என்பதையும் மட்டும் சொல்லிவைக்கிறேன். இந்த நாவலின் உரிமையை அவள் விற்ற விலை 110 பவுண்டு.

விமர்சகருக்கு வர்ஜினியா உல்ஃப் தெய்வம். நனவோடை, காலத்தின் நெகிழ்வு, இத்யாதி. வீட்டா ஸாக்வில்-வெஸ்ட் பெண் என்பதால் அவள் பிறந்து வளர்ந்த நோல் மாளிகை 1928இல் தகப்பன் இறந்ததும் அவளுக்கு வராமல் சித்தப்பாவுக்குப் போயிற்று. அதே வருஷம் வந்தது 'ஆர்லாண்டோ'. (ப்ரிட்ஜ்மனின் பேர்ப் பொருத்தத்தை நான் எதற்கும் சான்றாக வைக்கவில்லை.) ஆணாயிருந்து பெண்ணாகிவிட்ட ஆர்லாண்டோமீது வந்து விழுவது சொத்து வழக்குகள். அதையும் வக்கீல் சமாச்சாரம் என்று தள்ளிவிட்டுப் படிக்கிறாரா என்று அவரிடம் கேட்டேன். வாட்ச்சைப் பார்த்தார்.

இங்கிலாந்தில் இப்படிப் புதிதாகக் கட்ட 1997லிருந்து முடியாது. பழைய கட்டுகளுக்கு விலக்கு உண்டு.

திருத்திய ஏழாம் அத்தியாயத்தை மொழிபெயர்ப்பாளர் நேற்று அனுப்பியிருந்தார். 'ஜீவனாம்சம்' போய்விட்டது. 'உயில்' அங்கேயே இருக்கிறது. மாற்றினால் வாசகருக்குப் புரியாதாம். பக்கத்து மார்ஜினில் பென்சிலால் 'ஆயுள் பாத்தியம்' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.