யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

அன்பு மாணவர்களே, சொந்தபந்தங்களே,

குற்றாலத்தில் சாரல். தென்காசியில் வீட்டுக்குள் உட்கார்ந்து செல்போன் பார்க்கிற காலம். நேற்று நம் குழுவில் ஒரு நகைச்சுவை வீடியோ வந்தது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்கு இன்று ஆடிஷன் வைத்தால் எப்படி இருக்கும் என்று எடுத்திருக்கிறார்கள். கறுத்து மெலிந்த ஒரு பையன் நெல்லைப் பேச்சில் ஜாக்சன் துரை வசனத்தைப் பேசித் திணறுகிறான். நாற்காலியில் இருக்கும் மூன்று பேர் அவன் நிறத்தையும் பல்லையும் பேச்சையும் கேலி செய்கிறார்கள். கீழே வரிசையாகச் சிரிக்கும் ஸ்மைலிகள். நான் போடவில்லை.

"காமெடியைக் காமெடியாப் பாருங்க சார்" என்றான் ஒருவன்.

பார்க்கிறவன்தானப்பா நானும். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்று கிளம்பியதை இன்றும் ரசிக்கிறேன். அதில் மாட்டிக்கொண்டு விழிப்பது படம் எடுக்கிறேன் என்று அலப்பறை செய்கிறவர். விஜய் டிவியின் 'லொள்ளு சபா' உச்ச நட்சத்திரங்களின் படங்களையே கிண்டலடித்தது. இந்த ஆடிஷன் கேலியோ, வாய்ப்புக் கேட்டு வாசலில் நிற்கிறவனை அடிக்கிறது. நாற்காலிக்காரர்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அம்மைத் தழும்பு முகத்தோடு வாய்ப்புத் தேடியவர்தான் நாகேஷும். இந்த மூவர் கையில் சிக்கியிருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார்? கட்டபொம்மனே பாஞ்சாலங்குறிச்சிக்காரர். அவர் வசனத்தை நம் பக்கத்துப் பேச்சில் பேசினால் இளக்காரமா? அதற்கு நாமே சிரிக்கலாமா?

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை. பல வருடங்களுக்கு முன் ஆண்டு விழா நாடகத்துக்கு இதே வசனத்தைப் பேசச் சொல்லி நானும் ஆள் எடுத்தேன். ஒரு மாணவனுக்குத் திக்குவாய். அவனைப் போலவே நான் திக்கிப் பேசிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அவன் சிரித்ததால் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் அவன் மேடைப் பக்கம் வரவே இல்லை. வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கவும் மறுத்தான். நேற்று அந்த வீடியோவில், மூன்றாவது நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகளே, கிண்டல் செய்யுங்கள். நடிகனை, இயக்குநரை, அரசியல்வாதியை, உங்கள் வாத்தியாரையும் சேர்த்துக் கிண்டல் செய்யுங்கள். நடுங்கிக்கொண்டு வந்து நிற்கிறவனை விட்டுவிடுங்கள். அடுத்த வீடியோவை ஃபார்வேர்ட் செய்யுமுன், அது யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தம்பி இதைப் படித்தால், என்னை மன்னித்துக்கொள்ளய்யா. சீசனுக்கு ஊர்ப்பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. அந்த வசனத்தை முழுசாகப் பேசு. எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்