மூக்கு ஆபரேஷன் செய்தும் சளி விடவில்லையா?



"ஆபரேஷன் செஞ்சும் மூக்கு அடைக்குது, டாக்டர் சரியா செய்யல" என்று சலித்து, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் நின்றுவிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. "ஆபரேஷனே ஆயிடுச்சு, இன்னும் என்ன எம்.சி.?" என்று பெரட்டில் கேட்கிற மேலாட்களும் உண்டு. இரண்டு பேச்சும் தவறு என்பதே என் கருத்து.

மூக்கடைப்பு, கெட்டிச் சளி, முகத்தில் பாரம், வாசனை தெரியாமை இவை 12 வாரம் தாண்டி நீடித்தால், அது நாட்பட்ட சைனஸ் நோய். நம் பெரியவர்கள் பீனிசம் என்பார்கள். மருந்தில் அடங்காதபோது டாக்டர் மூக்கு வழியாகவே கருவியை விட்டு, சைனஸ் அறைகளின் அடைபட்ட வாசலை அகலமாக்குகிறார். வாசலைத்தான் திறக்கிறார்; உள்ளே இருக்கும் சவ்வை முழுதும் உரித்தெடுப்பதில்லை. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒரு பூச்சு இருக்கும். தண்ணீரை மாற்றினால் போகாது, தேய்த்தால்தான் போகும். கிருமிகள் ஒன்றுகூடி, தாங்களே சுரக்கும் பசைக்குள் கட்டிக்கொண்ட வீடு அது. பல்லில் படியும் அழுக்கும் இதே ஜாதிதான். டாக்டர்கள் பயோபிலிம் என்கிறார்கள். நாம் கிருமிப் படலம் என்போம். தனியாகத் திரியும் கிருமியைக் கொல்லுகிற மருந்து, படலத்துக்குள் பதுங்கிய கிருமியை லேசில் அசைக்காது. கேப்சூல் சாப்பிடும்வரை சுகம், நிறுத்தினால் பழைய கதை என்பதற்கு இது ஒரு காரணம். அதனால்தான், பார்க்காமலே திரும்பத் திரும்பக் கேப்சூல் அள்ளிக் கொடுக்கும் கிளினிக்குகளை எனக்குப் பிடிப்பதில்லை.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர டாக்டர்கள் 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சைனஸ் ஆபரேஷன் செய்துகொண்ட 40 பேரில் 20 பேரிடம் இந்தப் படலம் இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகும் தொந்தரவு கூடுதலாக இருந்தது அந்த 20 பேருக்குத்தான். எல்லாப் பழியையும் படலத்தின் மேல் போட முடியாது. அலர்ஜி, ஆஸ்த்மா, சிகரெட் எல்லாம் சேர்ந்துதான் கெடுக்கும்.

ஆகவே ஆபரேஷன் பாதி வேலை. மீதிப் பாதி உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவதும், டாக்டர் தரும் ஸ்பிரேயும். வாசல் திறந்திருப்பதால்தான் இவை உள்ளே எட்டுகின்றன. ஆனால் பைப்புத் தண்ணீரை, ஆற்றுத் தண்ணீரை அப்படியே விடாதீர்கள்! கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான் வேண்டும். 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பைப்புத் தண்ணீரால் மூக்கு கழுவிய இருவர், அதிலிருந்த அமீபா மூளைக்கு ஏறி இறந்தார்கள்.

ஆஸ்பத்திரி கொடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள். சம்பளம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்தைப் பொறுத்து வருஷத்துக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. வார்டில் படுத்தால் அதற்குத் தனியே 60 நாள் வரை. டாக்டர் எழுதிய எம்.சி.யைத் தோட்ட ஆபீசில் காட்டுங்கள். ஏற்க மறுத்தால், அந்தச் சீட்டோடு அன்றைக்கே கிளைச் செயலாளரைப் பாருங்கள்.