சோறு திண்டியா மனே?



போன மாதம் கதிரவெளியில் எங்கள் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு பிள்ளைகள் என்னைத் தனியே கூப்பிட்டார்கள். இருவரும் கொரியப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். "அக்கா, அங்க குளிர் எண்டு தெரியும். வேலை கஸ்டம் எண்டும் தெரியும். ஆனா அங்க என்னத்தத் தின்னுற? அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள் ஒருத்தி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் போகும்போது எனக்கிருந்த முதல் பயமும் அதுதான். அவர்களுக்குச் சொன்னதையே இந்த மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் 2015 ஏப்ரலில் தென் கொரியாவுக்குப் போய் 2020 ஜனவரியில் திரும்பி வந்தேன். ஏன் போனேன் என்பது உங்களில் பலருக்குச் சொல்லாமலே விளங்கும். இடப்பெயர்வில் காணாமல்போன கணவர் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. வீடு அரைச் சுவரோடு நின்றது. வீட்டை முடிக்க எடுத்த நுண்கடனுக்கு வாரா வாரம் ஆள் வந்து வாசலில் நின்றார். மகளுக்கு எட்டு வயது. அவளை அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

எங்கள் பகுதிப் பெண்கள் அதிகம் போவது மத்திய கிழக்குக்கு, வீட்டு வேலைக்கு. கொரியாவுக்குப் போகிறவர்களில் ஆண்களே மிக அதிகம். கொரிய அரசாங்கத்தின் தொழில் அனுமதித் திட்டம் 2004இல் தொடங்கியது. இலங்கையிலிருந்து அதற்கு ஆள் அனுப்புவது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். இதில் தரகருக்கு இடமில்லை. பணம் தந்தால் கொரியாவுக்கு அனுப்புகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்த பாடப் புத்தகத்தில் சொற்களின் பொருள் சிங்களத்தில்தான் இருந்தது. ஆகவே கொரிய மொழியோடு சிங்களத்தையும் சேர்த்துத்தான் படித்தேன்.

நான் வேலை செய்த இடம் வாந்தோ. கொரியாவின் தென்கரையில் உள்ள தீவுப் பகுதி. எங்கள் ஊரைப் போலவே கடலை நம்பிய சனங்கள். ஆனால் அங்கே மீனைவிடப் பேர்போனது கடற்பாசி. கடலில் பயிர் செய்து குளிர்காலத்தில் அறுவடை செய்கிறார்கள். "கிம்" என்ற பாசியைக் கழுவி, அரிந்து, சட்டத்தில் ஊற்றி, காகிதத் தாள் போலக் காய வைப்பார்கள். 100 தாள் ஒரு கட்டு. அந்தக் கட்டுகளைப் பார்த்து, கிழிந்ததை விலக்கி அடுக்குவதுதான் என் வேலை. குளிர்காலத்தில் இயந்திரம் இரவு பகலாக ஓடும். நின்று நின்று கால் வீங்கும்.

முதல் நாள் சாப்பாட்டு அறையில் ஒரு தட்டைத் தந்தார்கள். சோறு, சூப், மூன்று நான்கு சின்னக் கறிகள். சோறு குழைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட ஒரு கரண்டியும் இரண்டு இரும்புக் குச்சிகளும். நடுவில் சிவப்பாகக் கோவா. அதுதான் கிம்ச்சி. அதன் மணம் மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே ஓடிவிட்டேன். முதல் வாரம் வெறும் சோறும் அவித்த முட்டையும்தான். இரவில் கொண்டுபோன மாசிச் சம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாக நக்கிக்கொண்டு அழுதேன்.

இரண்டாவது வாரம் தட்டில் நெத்தலிக் கருவாடு வந்தது! கொரியர் அதை "மியொல்ச்சி" என்பார்கள். ஆசையாக வாயில் போட்டால் இனிப்பு. சீனியும் சோயாவும் போட்டுப் பொரித்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு கடையில் காய்ந்த நெத்தலி வாங்கி, வெங்காயமும் கொச்சிக்காய்த் தூளும் போட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டுப் பொரித்தேன். தங்குமிடத்தில் இருந்த வியட்நாம் பிள்ளைகளும் நேபாளப் பிள்ளையும் வந்து நின்றார்கள். எல்லோரும் தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றோம். அன்றுதான் அந்த ஊரில் எனக்கு வயிறு நிறைந்தது.

போகிறவர்களுக்கு இரண்டு சொல்லைச் சொல்லிவைக்கிறேன். "சோகோகி" என்றால் மாட்டிறைச்சி. "தேஜிகோகி" என்றால் பன்றியிறைச்சி. சூப் தெளிவாக இருந்தாலும் இறைச்சித் தண்ணீராக இருக்கலாம். சாப்பிடாதவர்கள் வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபிப்பதில்லை.

என்னோடு அடுக்கிய ஒரு வயதான கொரியப் பெண்ணை எல்லோரும் "இமோ" என்று கூப்பிட்டார்கள். தாயின் சகோதரியை அப்படிச் சொல்வார்கள். எங்களுக்குச் சின்னம்மா, பெரியம்மா மாதிரி. அம்மாவை "ஒம்மா" என்பார்கள், அப்பாவை "அப்பா" என்றே சொல்வார்கள். இமோ தினமும் காலையில் என்னைக் கண்டதும் கேட்பது ஒன்றே ஒன்று: "பாப் மொகொசொ?" பாப் என்றால் சோறு. சாப்பாட்டுக்கும் அதே சொல்தான். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் அவர் வாயிலிருந்து கேட்டபோது என் அம்மா "சோறு திண்டியா மனே?" என்று கேட்பது போலவே காதில் விழுந்தது. இரண்டும் ஒரே கேள்வி. பதிலுக்காக மட்டும் கேட்பதில்லை. நீ இருக்கிறாயா, உன்னைப் பார்க்க ஆள் இருக்கிறதா என்பதும் அதற்குள் இருக்கிறது.

2016 பெப்ரவரியில் மகளின் பிறந்தநாள். வேலை இடைவேளையில் தொலைபேசியில் அவளோடு பேசிவிட்டு வந்தேன். கண் சிவந்திருந்ததைப் பார்த்து இமோ காரணம் கேட்டார். சொன்னேன். உடனே கேட்டார், "அவளைப் பெற்றபோது நீ மியொக்குக் குடித்தாயா?"

மியொக் என்பதும் கடற்பாசிதான், கிம்மைவிடத் தடித்தது. அந்தப் பாசிச் சூப்தான் மியொக்குக். பிள்ளை பெற்ற தாய்க்கு அதைத்தான் அங்கே கொடுப்பார்கள். எங்களுக்குச் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைப்பது போல. பிறகு ஒவ்வொரு பிறந்தநாளிலும் அதைச் சமைப்பார்கள். உன்னைப் பெற்றவள் அன்று இதைத்தான் குடித்தாள் என்று பிள்ளைக்கு நினைவூட்ட.

எனக்குத் தெரிந்த கொரியச் சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிப் பதில் சொன்னேன். 2006 நவம்பர் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்த சனங்கள் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வர வித்தியாலயத்தில் எறிகணைகள் விழுந்து 40க்கு மேற்பட்டோர் இறந்தபோது நான் ஆறு மாதக் கர்ப்பிணி. பிறகு காட்டாலும் தண்ணீராலும் நடந்து வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தோம். 2007 பெப்ரவரியில் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று மூன்றாம் நாள் கொட்டகைக்குத் திரும்பினேன். சரக்கு இல்லை. மீன் இல்லை. நிவாரணப் பருப்பை அவித்த தண்ணீரும் கோதுமை மா ரொட்டியும்தான் என் பத்தியம். இதில் பாதிக்குக் கொரியச் சொல் எனக்குத் தெரியாது. "போர். வீடு இல்லை. பருப்பு. மா" என்றுதான் சொன்னேன். இமோ ஒன்றும் பேசாமல் தாள்களை அடுக்கினார்.

அடுத்த நாள் ஒரு பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். உள்ளே மியொக்குக். வழக்கமாக அதற்கு மாட்டிறைச்சி போடுவார்கள். நான் தின்பதில்லை என்று தெரிந்து மட்டி போட்டிருந்தார். எங்கள் ஆற்று மட்டியின் அதே மணம். நல்லெண்ணெயில் பாசியை வதக்கி, உள்ளி போட்டு, உப்புச் சாறு விட்டுக் கொதிக்க வைத்தது. "ஒன்பது வருடம் பிந்திவிட்டது. பரவாயில்லை, குடி" என்றார். முழுவதையும் குடித்தேன்.

மறுகாதான் அவர் தன் கதையைச் சொன்னார். கொரியப் போர் 1950இல் தொடங்கி 1953இல் நின்றது. அவருடைய குடும்பம் வடக்கிலிருந்து ஓடிவந்தது. அவர் பிறந்தது 1951இல், ஓடி வந்த வழியில். அவருடைய தாய் குடித்தது பார்லிக் கஞ்சி, அதுவும் இல்லாத நாளில் வெந்நீர். போருக்குப் பிறகும் பல வருடங்கள் இளவேனிலில் பட்டினி கிடந்தார்களாம். பழைய அரிசி முடிந்துவிடும், பார்லி இன்னும் விளைந்திருக்காது. அந்தக் காலத்துக்குப் "பார்லி மேடு" என்று பெயர். ஏறிக் கடக்க வேண்டிய மேடு. எங்கள் மாரிகாலக் கஸ்டத்தை நினைத்துக்கொண்டேன்.

வழியில் அவருடைய மூத்த அண்ணன் தவறிப்போனார். 1983 ஜூன் 30ஆம் திகதி கொரியத் தொலைக்காட்சியான கே.பி.எஸ்., போரில் பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்க ஒரு நேரடி நிகழ்ச்சி தொடங்கியது. சனம் பெயர் எழுதிய அட்டைகளோடு வந்து குவிந்ததால் அது நவம்பர் 14 வரை, மொத்தம் 453 மணித்தியாலம் 45 நிமிடம் ஓடியது. 10,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன. அந்தப் பதிவுகளை யுனெஸ்கோ 2015இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எங்களுக்கு 1983 என்றால் ஆடிக் கலவரம். அதே ஆடியில் இமோவின் தாய் அட்டையோடு வரிசையில் நின்றார். மகன் கிடைக்கவில்லை. கையில் படத்தோடு வரிசையில் நிற்பது எப்படி என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் 30 வருடம் கழித்தும் ஒரு நாடு தேடியது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அந்தச் சூப்புக்குப் பிறகு கிம்ச்சி மீதிருந்த அருவருப்பும் மெல்லப் போனது. குளிர் தொடங்குமுன் பெண்கள் கூடிக் குளிர்காலம் முழுவதற்கும் கிம்ச்சி போடுவார்கள். அதற்குக் "கிம்ஜாங்" என்று பெயர். 2013இல் அதையும் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. இமோ வீட்டில் நானும் கையுறை போட்டு உட்கார்ந்தேன். ஒருத்தி உப்பிட, ஒருத்தி கழுவ, ஒருத்தி பூச, வாய் ஓயாமல் கதை. முடிவில் ஆளுக்கொரு பங்கு. கூட்டமாக இருந்து மா இடிப்பதும் கருவாடு போடுவதும் எங்களுக்குப் புதிதா?

இப்போது இங்கே நான் செய்யும் முறை இது. ஒரு கிலோ கோவாவை அரிந்து மூன்று மேசைக்கரண்டி உப்புப் பிசறி இரண்டு மணித்தியாலம் வையுங்கள். தண்ணீர் விட்டதும் கழுவிப் பிழியுங்கள். இரண்டு கரண்டி அரிசி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவிட்டு, கொச்சிக்காய்த் தூள், இடித்த உள்ளி, இஞ்சி, ஒரு பிடி கூனி சேர்த்துக் குழைத்துக் கோவாவில் பூசுங்கள். சுத்தமான போத்தலில் அமுக்கி, பொங்க இடம் விட்டு மூடுங்கள். எங்கள் வெயிலுக்கு ஒரு நாள் வெளியில் வைத்தால் புளிக்கும். பிறகு குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பாலைத் தயிராக்குவது போன்ற நுண்ணுயிர்கள்தான் இதையும் புளிக்க வைக்கின்றன. பூஞ்சணம் பிடித்தால் எறிந்துவிடுங்கள். ஆனால் எங்கள் கரையில் ஒதுங்கும் பாசியை எடுத்துச் சமைத்துவிடாதீர்கள். எல்லாப் பாசியும் உணவல்ல.

எல்லாம் நல்லது என்று சொல்லமாட்டேன். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளத்தில் கழித்தார்கள். எவ்வளவு என்று நான் முதல் மூன்று மாதம் கேட்கவேயில்லை. ஒப்பந்தத்தில் அந்த வரியை வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். குளிரையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2020 டிசம்பரில் பொச்சன் என்ற இடத்தில், பண்ணைப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் தங்கவைக்கப்பட்ட ஒரு கம்போடியப் பெண் கடுங்குளிர் இரவொன்றில் இறந்துபோனாள். எங்கே தங்கவைக்கிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. திரும்பும்போது ஓய்வூதிய நிதியில் கழித்த பணத்தையும் புறப்படும்போதுள்ள காப்புறுதிப் பணத்தையும் கேட்டு வாங்குங்கள். எனது கடைசிக் கடனை அதில்தான் அடைத்தேன்.

நான் திரும்பி வந்த அடுத்த மாதம் மகளுக்கு 13 வயது. இமோ தந்துவிட்ட மியொக் பொதியை உடைத்து, மட்டி போட்டு, நல்லெண்ணெய் விட்டுச் சமைத்தேன். மகள் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்து, "பாசித் தண்ணி" என்று சிரித்தாள். அவளுக்கு அதன் கதையைச் சொன்னேன். அம்மா கோப்பையைக் கையில் வைத்தபடி குடிக்காமல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அண்டைக்கு உனக்கு நான் ஒரு பத்தியக் கறியும் வச்சித் தரல்ல மனே" என்றார். 13 வருடமாக அம்மா அதை மனதில் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. நானும் என் பசியைப் பற்றி அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இருவரும் அந்தக் கொட்டகையைப் பற்றி அன்றுதான் முதல் தடவை பேசினோம்.

சகோதரிகளே, எங்களிடம் எத்தனையோ பேர் வந்து எத்தனையோ படிவம் நிரப்பினார்கள். எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை வீடு உடைந்தது என்று கேட்டார்கள். பிள்ளை பெற்ற அன்று என்ன சாப்பிட்டாய் என்று என்னிடம் முதலில் கேட்டது கொரியாவில் ஒரு கிழவி. அதை எங்கள் ஊரிலேயே நாங்கள் ஒருவரையொருவர் கேட்கலாம். உங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிற பெண்ணிடம் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். அவள் "ஓம்" என்று சொன்னாலும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளே, போய் வாருங்கள். நெத்தலியும் மாசியும் பெட்டியில் வையுங்கள். கிம்ச்சியைக் கண்டு ஓடாதீர்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.